கணையப் புற்றுநோய்க்கு டார்கெட்டட் மருந்து: அக்காவோட ரிப்போர்ட்டைக் கையில வச்சுக்கிட்டு நாங்க கத்துக்கிட்டது

கணையத்துல கேன்சர்னு ஒரு வீட்டுல தெரிஞ்சதும் சொந்தக்காரங்க ஆளாளுக்கு மருந்து பேரை அனுப்ப ஆரம்பிச்சிடுவாங்க. எங்களுக்கும் வந்துச்சு. நுரையீரல் கேன்சருக்கு வந்த மாத்திரை, ரத்தப் புற்றுநோய்க்கு வந்த மாத்திரை, கீமோவே வேணாம் இது ஒண்ணே போதும்னு யாருக்கோ யாரோ சொன்னது, எல்லாம் வந்துச்சு. அக்காவுக்கு நாலாவது ஸ்டேஜ், கல்லீரலுக்குப் பரவிருச்சுன்னு சொன்ன அந்த வாரத்துல இதையெல்லாம் படிக்கவே தெம்பு இல்ல, ஆனா ஒரு விஷயம் சீக்கிரமே புரிஞ்சு போச்சு. மருந்து பேரைத் தேடிட்டு அப்புறம் டாக்டர்கிட்ட போறது தலைகீழ் வேலை. இவ கட்டியில எந்த ஜீன் கெட்டிருக்குன்னு தெரியணும், பொறந்ததுலேர்ந்தே உடம்புல இருக்குற ஜீன்ல ஏதாவது கோளாறு இருக்கான்னு தெரியணும், அது தெரிஞ்சாத்தான் டார்கெட்டட் தெரபிங்கற பேச்சுக்கே அர்த்தம் வரும். டார்கெட் எதுன்னு தெரியாம எதைக் குறி வைக்கிறது?

அதுக்கும் முன்னாடி ஒண்ணு இருக்கு. பயாப்ஸி ரிப்போர்ட்ல என்ன வகைன்னு எழுதியிருக்கும், அந்த வரியை எல்லாரும் தாண்டிப் போயிடுறாங்க. பெரும்பாலானவங்களுக்கு வர்றது அடினோகார்சினோமா. அபூர்வமா சிலருக்கு நியூரோஎண்டோகிரைன் கட்டி, ஹார்மோன் சுரக்குற செல்லுல வர்றது. ரெண்டும் கணையத்துலதான் வருது, ஆனா ரெண்டும் வேற நோய், வேகம் வேற, மருந்து வேற. ஸ்டீவ் ஜாப்ஸுக்கு இருந்தது நியூரோஎண்டோகிரைன், அதனால அவர் அத்தனை வருஷம் இருந்தாரே நமக்கு மட்டும் ஏன் இப்படிச் சொல்றாங்கன்னு கேக்குறவங்களுக்கு இதுதான் பதில். எவரோலிமஸ், சுனிடினிப்னு ரெண்டு மாத்திரைக்கு, மருந்துகளுக்கு அனுமதி கொடுக்குற அமெரிக்க அரசு அமைப்பான எஃப்டிஏ 2011-ல அனுமதி கொடுத்துச்சு, ரெண்டும் நியூரோஎண்டோகிரைனுக்குத்தான், அடினோகார்சினோமாவுக்கு இல்ல. மாமாவோட, அதாவது அக்கா வீட்டுக்காரரோட, ஆபீஸ் நண்பர் ஒருத்தர் எவரோலிமஸ் பேரை அனுப்பி ஏன் இதைக் கொடுக்கலன்னு ரெண்டு தடவை போன் பண்ணாரு, பயாப்ஸி ரிப்போர்ட்டோட அந்த ஒரு வரியைப் படிச்சுக் காட்டினப்புறம்தான் விட்டாரு.

சரி, டெஸ்ட்டுக்கு வர்றேன். ரெண்டு டெஸ்ட் இருக்கு, ரெண்டையும் ஒண்ணுன்னு நினைச்சுக் குழப்பிக்கிறவங்க நிறைய. ஒண்ணு ரத்தத்துலயோ எச்சில்லயோ எடுக்குறது, ஜெர்ம்லைன் டெஸ்ட்னு சொல்லுவாங்க, அப்பா அம்மாகிட்டேர்ந்து வந்த ஜீன்ல மாற்றம் இருக்கான்னு பாக்குறது. இன்னொன்னு கட்டியிலேர்ந்து எடுத்த திசுவுல பண்றது, கட்டிக்குள்ள மட்டும் என்னென்ன மாறியிருக்குன்னு அது சொல்லும். கணைய அடினோகார்சினோமான்னு உறுதியானாலே குடும்பத்துல கேன்சர் இருந்தாலும் இல்லாட்டாலும் எல்லாருக்கும் ஜெர்ம்லைன் டெஸ்ட் பண்ணணும்னு 2019-லேர்ந்தே என்சிசிஎன்ங்கற அமெரிக்க கேன்சர் மருத்துவமனைகள் கூட்டமைப்போட வழிகாட்டி சொல்லுது. எங்க வம்சத்துல யாருக்கும் இல்லைங்கன்னு சொல்லி டெஸ்ட்டை விட்டுடாதீங்க, ஜீன் மாற்றம் இருக்குற பல பேருக்கு குடும்ப வரலாறுன்னு சொல்ற மாதிரி எதுவுமே இருக்காது. எங்களுக்கு இருந்துச்சு. அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய், தாய்மாமாவுக்கு ப்ராஸ்டேட். ரெண்டையும் நாங்க தனித்தனி துரதிர்ஷ்டம்னுதான் நினைச்சுக்கிட்டு இருந்தோம், அக்காவுக்கு வந்தப்போ டாக்டர் ஒரு பேப்பர்ல அம்மா வழிச் சொந்தத்தை எல்லாம் கட்டம் கட்டமா வரைஞ்சு யாருக்கு எத்தனை வயசுல என்ன வந்துச்சுன்னு கேட்டு எழுதினப்போதான் அது ஒரே கோடுன்னு கண்ணுக்குத் தெரிஞ்சுது. வயசு முக்கியம், அதை முன்னாடியே வீட்டுப் பெரியவங்ககிட்ட கேட்டு எழுதி எடுத்துட்டுப் போங்க, அங்க போய் உக்காந்துக்கிட்டு யோசிச்சா பாதி மறந்து போகும்.

கட்டி டெஸ்ட்டுலதான் எங்களுக்கு நாள் வீணாச்சு. எண்டோஸ்கோப்பிக் அல்ட்ராசவுண்ட் வச்சு வயித்துக்குள்ள இருந்தே ஊசி குத்தி செல் எடுத்தாங்க. அது கேன்சர்தான்னு சொல்றதுக்குப் போதுமா இருந்துச்சு, ஆனா ஜீன் டெஸ்ட்டுக்கு அனுப்பினப்போ லேப்ல இருந்து போதுமான திசு இல்லைன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. இதைச் சொல்லவே அவங்களுக்கு ரெண்டு வாரத்துக்கு மேல ஆச்சு. கணையக் கட்டிக்கு இது பொதுவா வர்ற பிரச்சனையாம், ஏன்னா அந்தக் கட்டியில நார்த்திசு ரொம்ப ஜாஸ்தி, கேன்சர் செல்லு அங்கங்க சிதறித்தான் இருக்கும், மெல்லிசு ஊசியில வர்ற சாம்பிள்ல கேன்சர் டிஎன்ஏ பத்தாமப் போயிடும். அதனால பயாப்ஸிக்கு முன்னாடியே டாக்டர்கிட்ட கேட்டு வச்சுக்கோங்க, ஜெனடிக் டெஸ்ட்டுக்கும் சேத்து எடுப்பீங்களா, செல்லை மட்டும் உறிஞ்சி எடுக்குற எஃப்என்ஏ ஊசியா இல்ல திசுவைத் துண்டா எடுக்குற எஃப்என்பி ஊசியான்னு. கல்லீரல்ல பரவியிருந்தா அங்கேர்ந்து எடுக்குறது சில சமயம் சுலபம், அக்காவுக்கு அப்புறம் அப்படித்தான் எடுத்தாங்க. திசுவை மெழுகுக் கட்டியா பதப்படுத்தி வச்சிருப்பாங்க, ப்ளாக்னு சொல்லுவாங்க, அது எங்க இருக்கு யார்கிட்ட கேட்டா கிடைக்கும்னு எழுதி வச்சுக்கணும், பின்னாடி செகண்ட் ஒப்பீனியனுக்கும் ட்ரையலுக்கும் அதைத்தான் கேப்பாங்க.

திசு பத்தாத நேரத்துல லிக்விட் பயாப்ஸின்னு ரத்தத்துலயே கட்டியோட டிஎன்ஏவைத் தேடுற டெஸ்ட்டும் பண்ணலாம்னாங்க. பண்ணலாம், சீக்கிரம் வரும். ஆனா அதுல ஒண்ணும் இல்லைன்னு வந்தா உண்மையிலேயே ஒண்ணும் இல்லைன்னு அர்த்தம் இல்ல, ரத்தத்துல டிஎன்ஏ போதுமான அளவு கசியாம இருந்திருக்கலாம். இருக்குன்னு வந்தா நம்பலாம், இல்லைன்னு வந்தா திசுவுல பாத்தே ஆகணும்.

இந்த ரிப்போர்ட்டுக்காக கீமோவைத் தள்ளிப் போடணுமான்னு மாமா கேட்டாரு, டாக்டர் ஒரே வார்த்தையில வேணாம்னுட்டாரு. இந்த நோய்க்கு சும்மா உக்காந்து காத்திருக்குற அவகாசம் கிடையாது. அக்காவுக்கு ஃபோல்ஃபிரினாக்ஸ் ஆரம்பிச்சாங்க, நாலு மருந்து சேந்தது, 2011-ல வந்த பிரெஞ்சு ட்ரையல்ல ஜெம்சிடாபைன்ங்கற பழைய கீமோ மருந்து மட்டும் எடுத்தவங்களுக்கு சராசரி ஆயுள் 6.8 மாசமும் இதுல 11.1 மாசமும் வந்துச்சு, ஆனா உடம்பைப் போட்டுப் புரட்டிடும், எல்லாருக்கும் தாங்காது. இதுல இருக்குற ஆக்ஸாலிபிளாட்டின் பிளாட்டினம் வகை மருந்து, இதை ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி வரும். இன்னொன்னு, இதுல ஃப்ளோரோயூராசில் இருக்கு, அதை உடைக்கிற என்சைம் சிலருக்குப் பொறப்புலயே கம்மியா இருக்கும், அவங்களுக்கு அந்த மருந்து விஷமாவே ஆயிடலாம். டிபிடி டெஸ்ட்னு ஒரு ரத்த டெஸ்ட் இருக்கு, முதல் கீமோவுக்கு முன்னாடி கேட்டுடுங்க.

ரிப்போர்ட் வந்துச்சு. ரத்த டெஸ்ட்டுல, டிஎன்ஏவை ரிப்பேர் பண்ண உதவுற பிஆர்சிஏ2ங்கற ஜீன்ல நோய் உண்டாக்கும் மாற்றம்னு இருந்துச்சு. கட்டி டெஸ்ட்டுல அதே பிஆர்சிஏ2, கூடவே கேராஸ் ஜி12டி, டிபி53னு வேற ஜீன் மாற்றங்கள், இன்னும் ரெண்டு மூணு. கடைசிப் பக்கத்துல அர்த்தம் தெளிவில்லாத மாற்றங்கள்னு, வியூஎஸ்னு சொல்லுவாங்க, அது ஒரு நீளமான லிஸ்ட். முதல் தடவை பாக்குறவங்களுக்கு அந்த லிஸ்ட்தான் பயத்தைக் கிளப்பும், இத்தனை ஜீன் கெட்டுப் போச்சான்னு. அந்தப் பக்கத்தை வச்சு எந்த முடிவும் எடுக்கக் கூடாது, மருந்தும் மாத்த மாட்டாங்க. ஒரு பக்கமா ஒதுக்கி வச்சுடலாம். முதல் பக்கத்துல மருந்து உள்ள மாற்றம்னு எதைக் காட்டியிருக்காங்க, அந்த மருந்து கணையத்துக்கே அனுமதி வாங்கினதா, இல்ல வேற கேன்சருக்கு வாங்கினதான்னு பாக்கணும். ரெண்டுக்கும் நிறைய வித்தியாசம்.

கேராஸ் பத்தி கொஞ்சம் சொல்லியே ஆகணும், ஏன்னா கணைய அடினோகார்சினோமால பத்துல ஒம்பது பேருக்கு இது கெட்டிருக்கும். அந்த ஜீன் எப்படிக் கெட்டிருக்குங்கறதைப் பொறுத்து பேர் மாறும், அதுல 40 சதவீதம் போல ஜி12டி, 30 சதவீதம் போல ஜி12வி, அடுத்து ஜி12ஆர், கடைசியா ஒண்ணு ரெண்டு சதவீதம் மட்டும் ஜி12சி. மனுஷக் கேன்சர்ல ராஸ் ஜீன் (கேராஸ் இந்தக் குடும்பத்துல ஒண்ணு) கெட்டிருக்குன்னு 1982-லயே கண்டுபிடிச்சுட்டாங்க, ஆனா அந்தப் புரதத்துல மருந்து ஒட்டிக்கிற மாதிரி ஒரு குழிகூட கிடைக்காம முப்பது வருஷம் இதை ஒண்ணும் பண்ண முடியாதுன்னு எழுதியே வச்சுட்டாங்க. 2013-ல கெவன் ஷோகட்னு அமெரிக்க விஞ்ஞானியோட குழு ஜி12சி-ல மட்டும் ஒரு சின்ன குழியைக் கண்டுபிடிச்சாங்க, அதுலேர்ந்து வந்ததுதான் சோட்டோராசிப், 2021-ல நுரையீரல் கேன்சருக்கு அனுமதி கிடைச்சுது. சொந்தக்காரங்க அனுப்பின நுரையீரல் மாத்திரை அதுதான்! கணையத்துலயும் ஜி12சி இருந்த 38 பேருக்குக் கொடுத்துப் பாத்தாங்க, 21 சதவீதம் பேருக்குக் கட்டி நல்லா சுருங்குச்சு. ஆனா அக்காவுக்கு இருக்குறது டி, சி இல்ல. ஒரே ஒரு எழுத்துதான், மருந்து அவளுக்கு ஆகாதுன்னு முடிவாக அது போதும். கேராஸ் பாசிட்டிவ்னு மட்டும் சொல்லிட்டு யாராவது நிறுத்தினா, எந்த கேராஸ்னு கேளுங்க.

பிஆர்சிஏதான் எங்களுக்குக் கதவைத் திறந்துச்சு. டிஎன்ஏவுல அடி பட்டா செல்லு அதை ரிப்பேர் பண்ணிக்கும், அதுக்குப் பல வழி இருக்கு. பிஆர்சிஏ கெட்டுப் போன கேன்சர் செல்லுக்கு முக்கியமான ஒரு வழி ஏற்கனவே அடைஞ்சு கிடக்கு, அதனாலதான் டிஎன்ஏவை உடைக்கிற பிளாட்டினம் மருந்து இவங்களுக்கு நல்லா வேலை செய்யுது. பார்ப்னு ஒரு என்சைம் இன்னொரு வழியைப் பாத்துக்குது, ஓலாபாரிப் மாத்திரை அதையும் அடைச்சுடும். மெயின் ரோட்டுல பாலம் இடிஞ்ச ஊர்ல இருக்குற ஒத்தையடிப் பாதையையும் மறிச்ச மாதிரி. நல்ல செல்லுக்கு ஒரு நல்ல பிஆர்சிஏ காப்பி மிச்சம் இருக்குறதால அது சமாளிச்சுக்கும்.

இதை முதல் நாளே கொடுக்க மாட்டாங்க. பிளாட்டினம் கீமோ குறைஞ்சது 16 வாரம் எடுத்து, கட்டி வளராம இருந்தாத்தான், அதுக்கப்புறம் கீமோவை நிறுத்திட்டு மெயின்டெனன்ஸா இந்த மாத்திரை. 2019-ல வெளியான போலோ ட்ரையல்லேர்ந்து வந்த முறை இது, அந்த வருஷ டிசம்பர்லயே எஃப்டிஏ அனுமதியும் வந்துச்சு. அந்த ட்ரையல்ல 3315 பேரை டெஸ்ட் பண்ணி, 247 பேருக்குத்தான் பிஆர்சிஏ மாற்றம் இருந்துச்சு, கடைசியில 154 பேர் சேந்தாங்க. மாத்திரை எடுத்தவங்களுக்கு நோய் வளராம நின்ன காலம் சராசரி 7.4 மாசம், டம்மி மாத்திரைக்கு 3.8. ரெண்டு வருஷம் கழிச்சும் வளராம இருந்தவங்க 22 சதவீதம், டம்மியில 9.6.

இது வரைக்கும் படிச்சுட்டு சந்தோஷப்படுறவங்ககிட்ட மிச்சத்தையும் சொல்லிடணும், எங்க டாக்டர் எங்ககிட்ட சொன்ன மாதிரி. மொத்த ஆயுள்ல வித்தியாசம் வரல. 19.0 மாசம், 19.2 மாசம், கிட்டத்தட்ட ஒண்ணுதான். மூணு வருஷம் தாண்டினவங்க மாத்திரை பக்கம் கூடுதலா இருந்தாங்க, 34 சதவீதத்துக்கு 18, ஆனா மொத்தமா எடுத்துப் பாக்குறப்போ ஆயுளைக் கூட்டுதுன்னு நிரூபணம் ஆகல. அப்ப எதுக்கு டாக்டர் இதுன்னு அக்காவே நேரா கேட்டா. அவரு சொன்னது, கீமோ இல்லாத மாசங்கள் கிடைக்கும்மா, கீமோ பம்ப்பைத் தூக்கிக்கிட்டு ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை இங்க வரவேண்டாம், கால் கை மரத்துப் போறது இன்னும் மோசமாகாது, ஒரு சிலருக்கு ரொம்ப நாள் தாக்குப் பிடிக்கும், அந்தச் சிலர்ல நீங்க இருப்பீங்களான்னு முன்னாடியே சொல்ல எனக்கு வழி இல்லன்னு. அக்கா கொஞ்சமும் யோசிக்கல, எனக்கு அந்த மாசங்கள் வேணும்னா. எனக்கு அந்த டாக்டர் மேல மரியாதை வந்ததே அன்னிக்குத்தான். சராசரியை மறைக்கவும் இல்ல, சராசரியை வச்சு கதவைச் சாத்தவும் இல்ல.

மாத்திரை காலையில 300 மில்லிகிராம், ராத்திரி 300. 150-ல ரெண்டு ரெண்டா வரும். சாப்பிட்டும் போடலாம், வெறும் வயித்துலயும் போடலாம், அக்காவுக்கு வெறும் வயித்துல குமட்டுச்சுன்னு சாப்பாட்டுக்கு அப்புறம் போட்டுக்கிட்டா, முதல் மாசத்துக்கு அப்புறம் குமட்டல் குறைஞ்சுது. ஒரு வேளை விட்டுப் போச்சுன்னா அதை விட்டுட்டு அடுத்த வேளையை அதோட நேரத்துல போடணும், சேத்துப் போடக் கூடாது. எங்களுக்குப் பெரிய தொல்லை ரத்த சோகைதான். மாசா மாசம் ரத்த எண்ணிக்கை பாக்கணும்னு சொல்லியிருந்தாங்க, மூணாவது மாசம் ஹீமோகுளோபின் எட்டுக்கும் கீழ இறங்கிடுச்சு, மாத்திரையை நிறுத்தி, ரத்தம் ஏத்தி, அப்புறம் டோஸைக் குறைச்சு மறுபடி ஆரம்பிச்சாங்க. டோஸ் குறைச்சா பலன் போயிடுமோன்னு மாமா பயந்தாரு, இது ட்ரையல்லயும் நடந்ததுதான், நிறுத்தி நிறுத்திக் குறைச்சு ஓட்டுறதுக்கு வழிமுறையே இருக்கு. டார்கெட்டட்னா பக்கவிளைவு இல்லாததுன்னு ஒரு நினைப்பு பரவலா இருக்கு. பக்கவிளைவு வேற மாதிரி இருக்கும், அவ்வளவுதான், இல்லாம இருக்காது. ரொம்ப அபூர்வமா எலும்பு மஜ்ஜை கெட்டு ரத்தப் புற்றுநோய்க்குப் போறதும் உண்டு, அதனால எண்ணிக்கை குறைஞ்சு வாரக் கணக்குல ஏறாம இருந்தா விடக் கூடாது.

அப்புறம் இந்தச் சம்பவம். அக்காவுக்கு வாய்ல வெள்ளை வெள்ளையா படிஞ்சுது, வீட்டுப் பக்கத்துல இருக்குற டாக்டர்கிட்ட காட்டினோம், பூஞ்சைன்னு சொல்லி ஃப்ளூக்கோனசோல் எழுதிக் கொடுத்தாரு. அவரைத் தப்புச் சொல்ல முடியாது, யாரும் அதைத்தான் எழுதுவாங்க. ஆனா ஓலாபாரிப் பாக்கெட்டோட வந்த தாளை மடிச்சு ஃப்ரிட்ஜ் மேல ஒட்டி வச்சிருந்தேன், அதுல அந்தப் பேரு இருந்துச்சு. ஆன்காலஜி நர்ஸுக்கு போன் போட்டேன், போடாதீங்க, அதைப் போட்டா ஓலாபாரிப் ரத்தத்துல ஏறிடும்னாங்க, வாய்ல தடவுற மருந்தா மாத்திக் கொடுத்தாங்க. கல்லீரல்ல ஒரே என்சைம்தான் இந்த மருந்தையும் உடைக்குது, இன்னும் பல மருந்தையும் உடைக்குது. கிளாரித்ரோமைசின், இட்ராகோனசோல் எல்லாம் இதே மாதிரி ஏத்தி விடும், ரிஃபாம்பிசின், வலிப்புக்குப் போடுற ஃபெனிட்டாயின், கார்பமசெபின் இதெல்லாம் குறைச்சு விடும். கிரேப்ஃப்ரூட் பழம்கூட ஆகாது. மூலிகைப் பொடி, கஷாயம்னு அன்போட கொண்டு வர்றவங்களுக்கு நாங்க சொன்ன பதில், நர்ஸ்கிட்ட கேட்டுட்டுச் சொல்றோம்ங்கறதுதான். யார் மனசும் புண்படல.

பிஆர்சிஏ இல்லாதவங்க என்ன பண்றதுன்னு கேப்பீங்க. வரிசையா அபூர்வமான சில கதவுகள் இருக்கு. எம்எஸ்ஐ ஹைன்னு, அதாவது டிஎன்ஏவை நகல் எடுக்குறப்போ வர்ற தப்பைத் திருத்த முடியாத கட்டின்னு வந்தா, நூத்துல ஒருத்தருக்குத்தான் வரும், பெம்ப்ரோலிசுமாப்னு இம்யூனோதெரபி, அது எந்த உறுப்பாயிருந்தாலும் கொடுக்கலாம்னு 2017-லயே அனுமதி வந்துச்சு. ஃப்யூஷன்னா ரெண்டு ஜீன் தப்பா ஒட்டிக்கிறது, அதுல என்டிஆர்கே ஃப்யூஷனுக்கு லாரோட்ரெக்டினிப், ஆர்இடி ஃப்யூஷனுக்கு செல்பர்காட்டினிப், பிராஃப் வி600இ-க்கு டாப்ராஃபெனிப்பும் ட்ராமெட்டினிப்பும் சேத்து, ஹெர்2 ரொம்ப ஜாஸ்தியா இருந்தா ட்ராஸ்டுசுமாப் டெரக்ஸ்டெகான். 2024 டிசம்பர்ல என்ஆர்ஜி1 ஃப்யூஷனுக்கு செனோகுட்டுசுமாப் வந்துச்சு, அது கணையத்துக்குன்னு பேர் சொல்லியே அனுமதி வாங்கினது. இதெல்லாம் ஒவ்வொண்ணும் நூத்துல ஒருத்தர், ரெண்டு பேர், சிலது அதுக்கும் கம்மி. ஆனா ஒரு சூட்சுமம் இருக்கு: கட்டி ரிப்போர்ட்ல கேராஸ் கெடாம நார்மலா இருக்குன்னு வந்தா, அந்தப் பத்துல ஒருத்தர்கிட்டதான் இந்த ஃப்யூஷன் எல்லாம் ஒளிஞ்சிருக்க வாய்ப்பு அதிகம். டிஎன்ஏ டெஸ்ட் மட்டும் பண்ணா ஃப்யூஷன் தப்பிச்சுடலாம், ஆர்என்ஏ டெஸ்ட்டும் பண்ணணும். கேராஸ் நார்மல், வேற ஒண்ணும் இல்லைன்னு வந்த ரிப்போர்ட்டை அப்படியே மூடி வைக்காம, ஆர்என்ஏ பாத்தாச்சான்னு ஒரு கேள்வி கேட்டுடுங்க.

டார்கெட்டட்னு பேர் இருந்தாலே நல்லதுன்னும் இல்ல. எர்லோட்டினிப்னு ஒண்ணு 2005-லயே கணையத்துக்கு அனுமதி வாங்குச்சு, ஜெம்சிடாபைனோட சேத்துக் கொடுக்க. கிடைச்ச லாபம் சராசரியா ரெண்டு வாரம்கூட முழுசா இல்ல. யாருக்கு வேலை செய்யும்னு பாக்காம எல்லாருக்கும் கொடுத்தது அது. இன்னொரு பக்கம், அமெரிக்காவுல நோ யுவர் ட்யூமர்னு ஒரு திட்டத்துல ஆயிரத்துக்கு மேல கணைய நோயாளிங்களோட கட்டியை டெஸ்ட் பண்ணிப் பாத்தாங்க, 2020-ல வெளியாச்சு. நாலுல ஒருத்தருக்கு மருந்து இருக்கக்கூடிய மாற்றம் இருந்துச்சு. பொருத்தமான மருந்து எடுத்த 46 பேருக்கு சராசரி ஆயுள் 2.58 வருஷம், மாற்றம் இருந்தும் வேற மருந்து எடுத்தவங்களுக்கு 1.51. ஆனா இதைக் குலுக்கிப் போட்டுப் பிரிச்சுப் பாக்கல, பொருத்தமான மருந்து கிடைக்கிற வரைக்கும் தெம்பா இருந்தவங்கதான் அந்த 46-ல இருப்பாங்க, அதனால அந்த ஒரு வருஷத்தை அப்படியே மருந்து கணக்குல எழுதிட முடியாது. என் கணிப்புல டெஸ்ட் பண்றதுக்கு இது போதுமான காரணம், அதிசயம் எதிர்பாக்குறதுக்குப் போதாது.

அக்காவுக்கு ஓலாபாரிப் அந்த ட்ரையல் சராசரியைத் தாண்டி நின்னுச்சு. அப்புறம் சிஏ 19-9, அதாவது நோய் எப்படி இருக்குன்னு காட்ட ரத்தத்துல பாக்குற ஒரு அளவு, ஏற ஆரம்பிச்சுது. அதை மட்டும் வச்சு யாரும் மருந்தை மாத்தல, ஏன்னா பித்தக்குழாய் அடைச்சாலும் அது ஏறும், சிலருக்கு அது சுரக்கவே சுரக்காது. அக்காவுக்குப் பித்தக்குழாய் திறந்திருக்க வச்சிருந்த ஸ்டென்ட் குழாய் அடைச்சிருக்கான்னு முதல்ல பாத்தாங்க, அது சரியாத்தான் இருந்துச்சு, சிடி எடுத்தா கல்லீரல்ல ஒரு இடம் பெருசாகி இருந்துச்சு. மருந்து எப்படித் தோத்துச்சுன்னு ரத்தத்துல மறுபடி பாத்தாங்க. கெட்டுப் போன பிஆர்சிஏவையே கேன்சர் செல்லு திரும்பச் சரி பண்ணிக்கும், ரிவர்ஷன்னு சொல்றாங்க, அப்படி ஆனா மாத்திரையும் எடுபடாது, பிளாட்டினமும் சரியா எடுபடாது. அக்காவுக்கு அதுதான் ஆகியிருந்துச்சு. முதல் ரிப்போர்ட்டோட கதை முடியறதில்ல, வளர்ந்தா மறுபடி டெஸ்ட் கேக்கணும்.

இப்ப ஜெம்சிடாபைனும் நாப் பேக்ளிடாக்சலும் சேந்த கீமோ போயிட்டு இருக்கு, கூடவே ட்ரையலுக்குப் பேச்சு நடக்குது. முன்னாடி ஆகாதுன்னு ஒதுக்கின அதே கேராஸ் ஜி12டி இப்ப திரும்ப வந்து நிக்குது. டாராக்ஸான்ராசிப்னு ஒரு மாத்திரை, ஜி12சி மட்டும் இல்லாம பல வகை ராஸையும் அது வேலை செய்யுற நிலையிலயே பிடிக்கிறது, ஏற்கனவே ஒரு கீமோ எடுத்த கணைய நோயாளிங்களுக்கு அதோட மூணாம் கட்ட ட்ரையல் 2024-ல ஆரம்பிச்சுது, 2025-ல எஃப்டிஏ அதுக்கு பிரேக்த்ரூன்னு தனி அந்தஸ்து கொடுத்துச்சு. தோல்ல தடிப்பும் வாய்ப்புண்ணும் இதோட முக்கியமான தொல்லை. ஜி12டிக்குன்னே தனியா செய்யுற மருந்துகளும் ட்ரையல்ல இருக்கு.

ட்ரையலுக்குப் போகணும்னு நினைக்கிறவங்க ஒண்ணை முன்னாடியே தெரிஞ்சுக்கணும். அவங்க முதல்ல பாக்குறது ஜீனை இல்ல, ஆளை. எழுந்து நடமாடுறாங்களா, பிலிரூபின் எவ்வளவு, ஆல்புமின் எவ்வளவு, கடைசி கீமோ முடிஞ்சு எத்தனை வாரம் ஆச்சு. படுக்கையில விழுந்த அப்புறம் எவ்வளவு பொருத்தமான ஜீன் இருந்தும் சேத்துக்க மாட்டாங்க. கணைய நோயாளிங்க மெலிஞ்சு போறது கேன்சரால மட்டும் இல்ல, கணையம் செரிமான என்சைமைச் சரியா விடாததாலயும்தான். மலம் எண்ணெய்ப் பசையா, வெளிறி, மிதக்குற மாதிரி போனா அது கொழுப்பு செரிக்கலங்கறதுக்கு அடையாளம். அதுக்கு என்சைம் மாத்திரை இருக்கு, சாப்பாட்டோட முதல் வாயிலயே போடணும், நடுவுல பாதியும் போடலாம், சாப்பிட்டு முடிச்சுப் போட்டா பிரயோஜனம் ரொம்பக் கம்மி. அக்காவுக்கு டோஸைக் கூட்டி, நேரத்தையும் சரி பண்ணதும் எடை இறங்குறது நின்னுச்சு. இந்த ஒரு மாத்திரை எந்த டார்கெட்டட் மருந்துக்கும் குறைஞ்சது இல்லன்னு நான் சொல்லுவேன், யாரும் இதைப் பத்தி ஃபார்வர்டு அனுப்புறதில்லங்கறதுதான் வேடிக்கை. ஒரு கால் மட்டும் வீங்குனா, காய்ச்சலோட குளிர் நடுக்கம் வந்தா, அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரைக்கும் வைக்காம அன்னிக்கே போகணும். முதலாவது ரத்தக்கட்டியா இருக்கலாம், ரெண்டாவது ஸ்டென்ட்ல கிருமியா இருக்கலாம்.

ஃபைல் பத்தி: ஸ்கேன் ரிப்போர்ட் பேப்பர் மட்டும் போதாது, படங்களோட சிடி தட்டு வேணும். ரெண்டு ஜீன் ரிப்போர்ட்டும் முழுப் பக்கமும் பிடிஎஃப்பா போன்ல இருக்கணும், டிஸ்சார்ஜ் சம்மரியில ஒரு வரி எழுதியிருக்குறதை ட்ரையல்காரங்க ஏத்துக்கறதில்ல.

இனி எங்க விஷயம். அக்காவுக்குப் பொறப்புலயே இருந்த மாற்றம்னா கூடப் பொறந்தவங்களுக்கு ஆளுக்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. நான் டெஸ்ட் எடுத்தேன், எனக்கும் இருக்கு. இருக்குன்னா கேன்சர் வந்தே தீரும்னு இல்ல, ஆனா இனிமே மார்பகத்துக்கு எம்ஆர்ஐ, சினைப்பை பத்தி ஒரு முடிவு, அப்புறம் கணையத்துக்கு 50 வயசுலேர்ந்தோ இல்ல குடும்பத்துல சின்ன வயசுல வந்தவங்களுக்குப் பத்து வருஷம் முன்னாடியிலேர்ந்தோ, எது முதல்ல வருதோ அப்போதிலேர்ந்து, வருஷா வருஷம் எம்ஆர்ஐயோ எண்டோஸ்கோப்பிக் அல்ட்ராசவுண்டோ. அக்காவோட பசங்களுக்கு வயசு வந்ததும் சொல்லணும், அது அவ பேசிக்கிறேன்னு சொல்லியிருக்கா. தம்பி இன்னும் எடுக்கல. பிஆர்சிஏ பொம்பளைங்க சமாச்சாரம் தானக்கான்னு கேக்குறான், அம்மா கூடப் பொறந்த மாமாவுக்கு ப்ராஸ்டேட்ல வந்தது மறந்து போச்சாடான்னு கேட்டேன், அவனுக்கு ரெண்டு பொண்ணு வேற. அக்கா ரிப்போர்ட்டை அவனுக்கு அனுப்பி வச்சிருக்கேன். அந்தக் காப்பி இருந்தா லேப்ல எல்லா ஜீனையும் தேட வேண்டியதில்ல, பிஆர்சிஏ2-ல அந்த ஒரே இடத்தை மட்டும் பாத்தா போதும், சீக்கிரமும் வந்துடும். அது இல்லாம வெறும் கையோட போனீங்கன்னா எந்த இடத்தைப் பாக்கணும்னு அவங்களுக்கும் தெரியாது, இல்லைன்னு வந்தாலும் அதை முழுசா நம்ப முடியாது.